ஒரே பாலிஷ், இரண்டு விலை

பழைய கார் வாங்கி விற்கும் கன்சல்டிங்காரருக்கும், அந்தக் கார்களைக் கழுவி மெருகேற்றித் தரும் டீட்டெய்லிங் கடைக்காரருக்கும் நடுவில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. சொந்தக் காரைக் கொண்டுவருகிறவரிடம் உள்ளே, வெளியே எல்லாம் சேர்த்து 5,000, 6,000 என்று வாங்கும் கடை, கன்சல்டிங் காரை 2,500 ரூபாய்க்கு முடித்துத் தருகிறது. கன்சல்டிங்காரர் இதைப் பார்த்து, ‘2,500-க்கே கட்டுப்படி ஆகிறதென்றால் இன்னும் 500 குறைக்கலாமே’ என்கிறார். சொந்தக் கார்காரர் காதில் விழுந்தால், தான் ஏமாந்துவிட்டதாக நினைக்கிறார். கடைக்காரரோ கன்சல்டிங் வேலையை நஷ்டத்துக்குத்தான் செய்வதாகப் புலம்புகிறார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூவருமே ஒன்றைக் கவனிக்கவில்லை. கன்சல்டிங் ரேட் என்பது அதே வேலைக்குக் கொடுக்கும் தள்ளுபடி கிடையாது. அது வேறொரு வேலையின் விலை.

சொந்தக் கார்காரர் தன் வண்டியை இன்னும் ஐந்தாறு வருஷம் தினமும் பார்க்கப் போகிறவர். பானெட்டில் வெயில் படும்போது சிலந்திவலை மாதிரித் தெரியும் மெல்லிய கீறல்கள் அவர் கண்ணை உறுத்தும். கன்சல்டிங்காரருக்கு அந்த வண்டி மூன்று வாரத்தில் கைமாற வேண்டிய சரக்கு. அதை வாங்கப் போகிறவர் முதலில் போன் திரையில்தான் படமாகப் பார்க்கிறார். அடுத்து யார்டுக்கு வந்து நாலடி தள்ளி நின்று பார்க்கிறார். பிறகு கதவைத் திறந்து உட்காருகிறார். அந்த மூன்றாவது கட்டத்தில்தான் பாதி வியாபாரம் முடிவாகிறது, அதுவும் பெரும்பாலும் மூக்கால். படத்தில் பளிச்சென்று தெரியும் காரில் ஏறியதும் பழைய பால் வாடையோ பீடி வாடையோ அடித்தால், அதற்குப் பிறகு இன்ஜினைப் பற்றி என்ன சொன்னாலும் எடுபடாது. அதனால் கன்சல்டிங் காரில் உள்வேலைக்குத்தான் நேரத்தைச் செலவிட வேண்டும். பல கடைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. வெளியே மெஷின் போட்டுப் பளபளவென்று ஆக்கிவிட்டு, உள்ளே ஒரு வேக்குவம், ஒரு சென்ட் பாட்டில், அவ்வளவுதான்.

உள்வேலை எப்படி நடக்க வேண்டும் என்று பார்ப்போம். முதலில் மிதியடிகள், டிக்கி விரிப்பு, ஸ்டெப்னி எல்லாம் வெளியே வர வேண்டும். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் சில்லறை, முறுக்குத் தூள், ஊக்கு, டோல் ரசீதுகள் வரை வேக்குவம் எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் ஈரவேலை. துணி சீட்டென்றால் ஷாம்பு போட்டுத் தேய்த்து, உறிஞ்சும் மெஷினால் அழுக்குத் தண்ணீரை இழுக்க வேண்டும். இழுக்காமல் துடைத்து மட்டும் விட்டால் ஈரம் ஃபோமுக்குள் இறங்கிவிடும். மழைக்காலத்தில் கண்ணாடியை ஏற்றிப் பூட்டிய காரில் அது இரண்டு நாளில் பூஞ்சை வாடையாகத் திரும்பி வரும். நம் ஊர் வெயில் இந்த இடத்தில் பெரிய உபகாரம். கதவுகளைத் திறந்து வைத்து அரைநாள் காயவிட்டால் செலவில்லாமல் வேலை முடிகிறது. ஏசி வாடை தனிக் கதை. கேபின் ஃபில்டரை மாற்றாமல் எந்த சென்ட் போட்டாலும் ஏசியை ஓட்டியதும் பழைய வாடை வெளியே வந்துவிடும். ஃபில்டர் விலை சில நூறு ரூபாய்தான். அதை யார் வாங்கித் தருவது என்று முன்கூட்டியே பேசாததால்தான் அது மாறாமலே கிடக்கிறது.

வெளிநாட்டுப் பாடப் புத்தகங்களில் இல்லாத சில வேலைகளும் நம் கார்களில் உண்டு. டாஷ்போர்டில் டபுள் டேப்பால் ஒட்டியிருக்கும் பிள்ளையாரை எடுத்தால் அடியில் கறுத்த பிசின் நிற்கும். குங்குமமும் விபூதியும் ஏசி துவாரங்களுக்குள் இறங்கியிருக்கும். பின் கண்ணாடியில் பிள்ளைகள் பெயரும் குலதெய்வத்தின் பெயரும் ஸ்டிக்கராக இருக்கும். அந்த ஸ்டிக்கரைப் பிளேடு போட்டுச் சுரண்டுவது சுலபம். ஆனால் கண்ணாடியில் படியும் ஈரப்பனியைப் போக்கும் டிஃபாகர் உள்ள வண்டிகளில் கண்ணாடியின் உள்பக்கம் ஓடும் மெல்லிய கம்பிகள் அறுந்தால் அதோடு அந்த வசதி போயிற்று. உள்பக்க ஸ்டிக்கரைச் சூடுகாட்டி, பிசின் கரைக்கும் திரவம் போட்டு நிதானமாக எடுக்க வேண்டும். இதற்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். ரேட் பேசும்போது இந்த முக்கால் மணி நேரம் யார் நினைவிலும் இருப்பதில்லை.

வெளிவேலையில் அளவு அறிந்து நிற்பதுதான் திறமை. கம்பெனி பெயின்ட், அடிப்பூச்சு முதல் மேல்பூச்சு வரை எல்லாம் சேர்த்து பொதுவாக 100 முதல் 140 மைக்ரான் தடிமன் இருக்கும். அதில் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பாலிஷ் என்பது அந்தக் கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்து எடுத்து, கீறலின் விளிம்புகளைச் சமன்படுத்துவதுதான். கீறல் மறைவதற்குக் காரணம் சுற்றியுள்ள பரப்பு கீழே இறங்குவது. ஆகவே ஒவ்வொரு ரப்பிங்கும் காரின் கணக்கிலிருந்து எடுக்கும் செலவு. முதல் ஓனர் இரண்டு முறை, இடையில் ஒரு புரோக்கர் ஒரு முறை என்று ஏற்கெனவே ரப்பிங் பார்த்த வண்டியில் எவ்வளவு மிச்சம் என்று அளவுமானி வைத்துப் பார்க்காமல் மெஷினைத் தொடக்கூடாது. கதவு விளிம்பு, பானெட் மடிப்பு போன்ற இடங்களில் பெயின்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும். அங்கே வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினை ஒரு நொடி அதிகம் வைத்தால் அடிப்பூச்சு எட்டிப் பார்க்கும்.

கன்சல்டிங் காருக்குத் தேவையான வெளிவேலை சுருக்கமானது. நன்றாகக் கழுவுவது, தார்ப் புள்ளிகளையும் பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டும் இரும்புத் துகளையும் கரைத்து எடுப்பது, களிமண் பார் தேய்த்து ஒட்டிய அழுக்கை இழுப்பது, ஒரே கட்டப் பாலிஷ், மேலே ஒரு வாக்ஸ் அல்லது சீலன்ட். பெயின்டில் அழுக்கு ஒட்டியிருக்கிறதா என்று அறிய, மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு கழுவிய பானெட்டைத் தடவினால் போதும். விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியே தெரியும். ஆழ்குழாய்த் தண்ணீரில் கழுவி வெயிலிலேயே காயவிட்ட வண்டிகளில் வெள்ளை வட்டங்கள் படிந்திருக்கும். அவை தண்ணீரில் இருந்த சுண்ணாம்பும் மெக்னீசியமும். மெல்லிய அமிலக் கரைசல் போட்டால் கரையும். வருஷக் கணக்கில் ஊறியிருந்தால் பெயின்டையே அரித்திருக்கும். அதை ஒரே கட்டப் பாலிஷில் எடுக்க முடியாது, எடுத்துத் தருவதாகக் கடைக்காரர் வாக்குக் கொடுக்கவும் கூடாது.

இரண்டு கட்டம், மூன்று கட்டமாகக் கீறல் நீக்குவதும் செராமிக் கோட்டிங்கும் இந்தக் கணக்கில் வராது. ஒரு நாள் முழுக்க உழைத்துக் கறுப்பு செடானின் கீறல் அத்தனையும் எடுத்தாலும், அந்த உழைப்புக்காக வாங்குகிறவர் 10,000 ரூபாய் கூட்டித் தரமாட்டார். வெள்ளைக் காரில் கீறல் கண்ணுக்கே படாது, நம் சாலைகளில் வெள்ளைதான் அதிகம். ‘டெஃப்லான் கோட்டிங் பண்ணியாச்சு சார்’ என்று யார்டில் சொல்லப்படுவது பெரும்பாலும் சாதாரண வாக்ஸ் பூச்சுதான் என்பதை வாங்குகிறவர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வேலை இதுதான் என்றால் 2,500 ரூபாய் எங்கிருந்து வருகிறது? ஒரு நடுத்தரக் கடையை மனதில் வைத்துக் கணக்குப் போடுவோம். இவை உதாரணத்துக்கான எண்கள், ஊருக்கு ஊர் மாறும். கை தேர்ந்த ஒருவருக்கு நாள் சம்பளமும் டீ, சாப்பாடும் சேர்த்து 900 ரூபாய். சின்னக் கார் ஒன்றுக்கு உள்வேலை, வெளிவேலை இரண்டும் சேர்ந்து ஒரு ஆளின் எட்டு மணி நேர உழைப்பு, அதாவது அதே 900. ஷாம்பு, காம்பவுண்டு, தேய்ந்துபோகும் பேடு, துணி எல்லாம் 350. தண்ணீர், கரன்ட் 100. இதுவரை 1,350 ஆகிறது. கடை வாடகை, மெஷின் தேய்மானம், மேற்பார்வை என்று மாதம் 60,000 ரூபாய் எப்படியும் போகும் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 26 வேலைநாள். நாளுக்கு ஒரு கார்தான் வருகிறதென்றால் அந்த 60,000-இல் ஒவ்வொரு காரின் தலையிலும் சுமார் 2,300 விழும். மொத்த அடக்கம் 3,650. நாளுக்கு மூன்று கார் நிச்சயமாக வந்தால் அதே சுமை காருக்கு 770 ஆகிவிடும். அடக்கம் 2,120.

கன்சல்டிங்காரர் தருவது இந்த நிச்சயத்தைத்தான். நாளுக்கு மூன்று கார் வரும் என்ற உறுதி இருந்தால் 2,500-க்குச் செய்தும் காருக்கு 380 ரூபாய் நிற்கும். எப்போது வருவார் என்று தெரியாத சொந்தக் கார்காரருக்கு 3,650-க்குக் கீழே செய்தால் கைப்பணம் போகும். அதற்கு மேல் அவர் கேட்கும் கூடுதல் கட்டங்களுக்கும் நேரத்துக்கும் சேர்த்து 5,000, 6,000 ஆவதில் அநியாயம் ஒன்றுமில்லை. சிக்கல் வருவது, மாதம் 60 கார் தருவதாகச் சொல்லி ரேட்டைக் குறைத்துவிட்டு 15 கார் மட்டும் அனுப்பும்போது. எண்ணிக்கையை நம்பிக் குறைத்த ரேட், எண்ணிக்கை வராவிட்டால் தானாக ஏறும்படி எழுதிக்கொள்வதே இரு தரப்புக்கும் நல்லது. 40 காருக்கு மேல் ஒரு ரேட், 20 முதல் 40 வரை ஒரு ரேட், அதற்குக் கீழே ஒரு ரேட். இப்படி எழுதிக் கையெழுத்து வாங்குவதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மாதக் கடைசியில் சண்டை போடுகிறவர்களும் பெரும்பாலும் அவர்களேதான்.

அந்த 380 ரூபாயைத் தின்னும் இன்னொன்று பாக்கி. நாளுக்கு மூன்று என்று 26 நாளில் வரும் 78 காருக்கு 2,500 வீதம் மாத பில் 1,95,000. பணம் 45 நாள் கழித்து வருகிறதென்றால் கடைக்காரரின் பணம் ஏறத்தாழ 2,92,500 ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும். நூற்றுக்கு ஒன்றரை வட்டியில் அது மாதம் 4,400 ரூபாய், காருக்கு 56. வாரம் தவறாமல் பணம் தரும் கன்சல்டிங்காரருக்கு 50 ரூபாய் குறைத்துக் கொடுப்பதில் கடைக்காரருக்கு நஷ்டமே இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. பேரம் பேச வேண்டிய இடம் இதுதான். வெறுமனே ‘குறைச்சுப் போடுங்கண்ணே’ என்று கேட்டால் கடைக்காரர் குறைப்பார். ஆனால் எதைக் குறைத்தார் என்பது சீட்டுக்கு அடியில் தெரியும்.

இதே வட்டிக் கணக்கு கன்சல்டிங்காரர் பக்கமும் ஓடுகிறது. 5 லட்ச ரூபாய் முதல் போட்டு வாங்கிய கார் யார்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும், ஒன்றரை வட்டியில் 250 ரூபாய் தின்கிறது. 500 ரூபாய் குறைவாகச் செய்து தருகிற கடை வண்டியை மூன்று நாள் தாமதமாகத் தந்தால் 750 போய்விட்டது, மிச்சம் பிடித்ததைவிட அதிகம். ஆகவே காலையில் எடுத்து மறுநாள் மாலைக்குள் தருவது என்பதை ரேட்டோடு சேர்த்தே பேச வேண்டும். அனுபவமுள்ள கன்சல்டிங்காரர்கள் விலையைவிட இதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

அவர்கள் ஏன் நூறு, இருநூறுக்கு இவ்வளவு இழுக்கிறார்கள் என்பதற்கு வரியிலும் ஒரு காரணம் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஜெய்சல்மாரில் நடந்த ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தின் முடிவுப்படி, 2025 ஜனவரி முதல் பழைய கார் விற்கும் பதிவுபெற்ற வியாபாரிகளுக்கு எல்லா வகைக் கார்களிலும் லாப வித்தியாசத்தின் மேல் 18 சதவீத வரி. அதற்கு முன் சின்னக் கார்களுக்கு 12 சதவீதமாக இருந்தது. வித்தியாசம் என்பது விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழிப்பது. 4,00,000-க்கு வாங்கி 4,60,000-க்கு விற்றால் 60,000-க்கு வரி, 10,800 ரூபாய். நடுவில் டயருக்கும் டிங்கரிங்குக்கும் பாலிஷுக்கும் 15,000 செலவழித்திருந்தாலும் அந்த வித்தியாசம் குறைவதில்லை. கையில் நிற்கும் லாபம் 35,000-ஐக்கூடத் தொடவில்லை என்றால் அவர் கை இறுகத்தான் செய்யும்.

ரேட் சீட்டை எப்படி எழுதுவது? சின்னக் கார், செடான், இன்னோவா மாதிரி மூன்று வரிசை வண்டி என்று அளவை வைத்து மட்டும் எழுதுவது வழக்கம். அது பாதிதான் சரி. ஒரு டாக்டர் ஓட்டிய ஏழு சீட் வண்டியைவிட, டாக்சியாக ஓடி வெள்ளை போர்டுக்கு மாற்றிய சின்னக் கார் இரண்டு மடங்கு நேரம் வாங்கும். எனவே அளவோடு நிலைமையையும் சேர்த்து, வண்டி வந்ததும் இருவரும் பார்த்து நல்லது, சுமார், மோசம் என்று ஒரு குறி போட்டுவிட வேண்டும். போனில் நாலு படம் எடுத்து அனுப்பினாலே போதும். மஞ்சள் படிந்த ஹெட்லைட்டைத் தேய்ப்பது, ஸ்டிக்கர் எடுப்பது, மேற்கூரைத் துணி, வாந்தி, நாய் முடி ஆகியவை தனி வரிகளாக, தனி விலையோடு இருக்க வேண்டும். ஹெட்லைட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாலிகார்பனேட் மேல் கம்பெனி போட்ட பாதுகாப்புப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு மறுபடி போடாமல் விட்டால் சில மாதத்தில் பழையபடி மஞ்சளாகும். அந்தப் பூச்சு இல்லாத விலையும் உள்ள விலையும் ஒன்றாக இருக்க முடியாது.

இன்ஜின் அறையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பழமையான கருத்து உண்டு. அங்கே பிரஷர் வாஷ் வேண்டாம். சென்சாரிலோ ஆல்டர்னேட்டரிலோ தண்ணீர் ஏறினால் 2,500 ரூபாய் வேலை பெரிய செலவில் போய் முடியும். எலி கடித்த வயர் இருந்தால் இன்னும் ஆபத்து. தூசியை ஊதி, ஈரத்துணியால் துடைத்தால் போதும். எண்ணெய்ப் பசையோடு மின்னும் இன்ஜினைப் பார்த்ததும் விவரம் தெரிந்த வாங்குநர், எங்கே கசிவை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் தேடுவார்.

அழகுபடுத்துவது எங்கே முடிகிறது, மறைப்பது எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியைக் கடைக்காரர் தட்டிக்கழிக்க முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியை முதலில் கண்டுபிடிக்கிறவர் கார்பெட்டைத் தூக்குகிற டீட்டெய்லிங் தொழிலாளிதான். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் வண்டல் கோடு, சீட்டின் அடிக்கம்பியில் துரு, ஃப்யூஸ் பெட்டி மூலையில் சேறு. அளவுமானி ஒரு கதவில் மட்டும் 500 மைக்ரானைத் தாண்டினால் அங்கே பட்டி போட்டுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இவற்றைக் கன்சல்டிங்காரரிடம் எழுத்தில் தெரிவிப்பது கடைக்காரரின் கடமை. பல சமயம் அவருக்கே தெரியாமல் அவர் தலையில் கட்டப்பட்ட வண்டியாக இருக்கும். தேய்ந்த பெடல் ரப்பரையும் ஸ்டியரிங் உறையையும் புதிதாக மாற்றச் சொல்லி, மீட்டரில் 40,000 கிலோமீட்டர் காட்டும் வண்டி வந்தால் அந்த வேலையை மறுப்பதே நல்லது. கறையை எடுப்பதற்குத்தான் கூலி. வண்டியின் வயதை மறைப்பதற்கு ரேட் சீட்டில் வரி கிடையாது.

வேலை நடக்கும் இடமும் வரிசையும் செலவைக் கூட்டிக் குறைக்கும். மெக்கானிக், டிங்கர், பெயின்டர் மூவரும் முடித்த பிறகே டீட்டெய்லிங். படம் எடுக்கும் அவசரத்தில் முதலில் பாலிஷ் போட்டுவிட்டுப் பிறகு பம்பரைப் பெயின்டருக்கு அனுப்பினால், தேய்த்த தூளும் தெறித்த பெயின்டும் படிந்து மறுபடி கழுவ வேண்டிவரும். இடத்தைப் பொறுத்தவரை, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற டீலர் தன் வசம் உள்ள காரைச் சோதனை ஓட்டம், பழுதுபார்ப்பு, பெயின்ட், மாசுச் சோதனை போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காகவே சாலையில் எடுக்கலாம். ஒவ்வொரு ஓட்டத்தையும் மின்னணுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். கடை ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒவ்வொரு காருக்கும் ஓட்டுநர், பெட்ரோல், பதிவு என்று அலைச்சல். யார்டிலேயே தண்ணீரும் நிழலும் கொடுத்து இரண்டு ஆட்களை வரவழைப்பது பெரிய கன்சல்டிங்குகளுக்கு லாபம். கடைக்காரருக்கும் வாடகை மிச்சம், அந்த மிச்சத்தில் பாதியை ரேட்டில் கேட்பது நியாயம்.

கடைசியாக, முடித்துக் கொடுத்த காரின் கதி. திறந்த யார்டில் இருபது நாள் நிற்கும் வண்டியின் மேல் தினமும் தூசி படியும். காலை ஒன்பது மணிக்கு யார்டுப் பையன் உலர்ந்த துணியோடு வந்து வரிசையாக எல்லாக் காரையும் தட்டித் துடைப்பான். அந்தத் தூசி மணல்தான். நம் கார்களில் இருக்கும் கீறல்களில் பெரும்பங்கு இந்தக் காலை வேளைத் துடைப்பில் விழுந்தவை, 2,500 ரூபாய் பாலிஷும் பத்து நாளில் இப்படித்தான் போகிறது. வாளியில் அலசத் தேவையில்லாத வழுவழுப்பான ரின்ஸ்லெஸ் ஷாம்பு கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, ஒரு பக்கம் அழுக்கானதும் மறுபக்கம் திருப்பித் துடைக்கப் பையனுக்கு ஒரு தடவை சொல்லிக்கொடுக்கலாம். அல்லது வாரம் ஒருமுறை டீட்டெய்லிங் ஆட்களே வந்து துடைத்துவிட்டுப் போக, காருக்கு 100 ரூபாய் என்று ரேட் சீட்டில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளலாம். எதுவாக இருந்தாலும் அந்த உலர்ந்த துணியை முதலில் பையன் கையிலிருந்து வாங்கிவிட வேண்டும்.